பாரதம் படிக்க ஒரு பங்கு

ஆங்கிலத்தில் 'ஷேர்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அது ஆங்கிலம் படித்தவர்களுடைய சொல் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றால் போதும். கத்தரிக்காய்க் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிற கிழவி, "ஷேர் ஆட்டோ எங்கேப்பா நிக்குது?" என்று கேட்பாள். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பெண் தோழியின் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஷேர் பண்ணுடி" என்பாள். நாலடி தள்ளி ஒரு நடுவயதுக்காரர், தம் பணம் கொஞ்சம் ஷேரில் கிடப்பதை நண்பரிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் மூவர் மனத்திலும் இருப்பது ஒன்றல்ல. கிழவிக்கு அது செலவைப் பிறரோடு பிரித்துக்கொள்ளும் வழி. பெண்ணுக்கு அது கொடுத்தாலும் கொடுத்தவளிடம் குறையாத ஒன்று. நடுவயதுக்காரருக்கோ, தாம் வீட்டில் இருக்க வேறு எங்கோ யாரோ உழைத்து ஈட்டித் தரும் லாபம். ஒரு சொல் இப்படி மூன்று முகம் காட்டினால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் விட மனம் வருமா?

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினேன். முதலில் கண்ணில் பட்டது ஏர்தான். கலப்பையின் நுனியில் மண்ணைப் பிளக்கும் இரும்பை நாம் கொழு என்கிறோம். அதற்கும் ஆங்கிலத்தில் 'ஷேர்' என்றுதான் பெயர். பழைய ஆங்கிலத்தில் கொழுவைக் குறித்த சொல் ஒன்றாகவும் பங்கைக் குறித்த சொல் வேறொன்றாகவும் இருந்தன. இரண்டும் 'வெட்டுதல்' என்ற ஒரே தாயின் மக்கள். ஆட்டின் உரோமத்தைக் கத்தரிப்பதற்கு வழங்கும் 'ஷியர்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே நிலத்தைக் கீறுவதும் ஷேர். விளைந்ததைக் கூறு போடுவதும் ஷேர்.

தமிழிலும் கதை இதேதான். பகு என்ற அடியிலிருந்து பகுதி வந்தது, பகிர்வு வந்தது, பாதி வந்தது. பொழுதை இரண்டாக வகுக்கும் நண்பகலுக்குப் பகல் என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். மனத்தை வகுக்கும் பகையும் அதே அடியில் பிறந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பகிர்வும் பகையும் உடன்பிறப்புகள் என்பதைக் கவனியுங்கள். சொத்தைப் பிரித்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றாட வழக்கிலோ நம்மிடம் பங்குக்குப் பஞ்சமே இல்லை. மீன் விற்கிறவள் கூறு கட்டுகிறாள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். நிலக்காரரும் குத்தகைக்காரரும் வாரம் அளக்கிறார்கள். விழாவில் பங்கு கொள்கிறோம்; துக்கத்தில் பங்கெடுக்கிறோம். கிறிஸ்தவ அன்பர்களுக்குப் பங்குத் தந்தை இருக்கிறார். உமையைத் தன் உடம்பிலேயே பாதியாக வைத்திருக்கும் சிவனை மங்கை பங்கன் என்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கமர்கட்டைச் சட்டை நுனியில் பொதிந்து கடித்து, எச்சில் படாமல் பாதி கொடுக்கும் 'காக்காய்க் கடி' இருக்கிறதே, அதைவிட நேர்மையான பாகப்பிரிவினையை எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாது.

சொல் இருக்கட்டும். பங்கு என்றால் என்ன என்பதைச் செம்பில் வெட்டி வைத்த ஊர் ஒன்று காஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் கூரம்.

கூரத்தை இரண்டு வகையினர் அறிவார்கள். வைணவர்களுக்கு அது இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். சரித்திரம் படித்தவர்களுக்கு அது கூரம் செப்பேட்டின் ஊர். சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், அங்கிருந்து வந்த பழைய நடராசர் செப்புத் திருமேனியையும் பார்த்திருக்கலாம்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காஞ்சியை ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த சாசனம் அந்தச் செப்பேடு. ஒரு பகுதி வடமொழி. ஒரு பகுதி தமிழ். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். பல லட்சம் சேனையோடு வந்த சளுக்கிய விக்கிரமாதித்தன் ஒரே ஒரு கந்தலைப் போர்த்துக்கொண்டு தனியாக ஓடினான் என்று அதில் ஒரு செய்தி வருகிறது. சரித்திர ஆசிரியர்கள் அந்த இடத்தில் வெகு நேரம் நிற்பார்கள். எனக்கோ போர்க்களத்தைத் தாண்டி, ஏட்டின் கடைசியில் வரும் கணக்கில்தான் ருசி.

கணக்கு இதுதான். கூரத்தில் வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று ஒரு சிவாலயம் எழுந்தது. அதை ஒட்டி ஒரு மண்டபம். பரமேசுவரமங்கலம் என்று அரசன் தன் பெயரையே சூட்டிய கிராமத்தை 25 பங்காக வகுத்தார்கள். கோயில் வழிபாட்டையும் பழுது பார்ப்பதையும் கவனிக்கக் கூரத்து அந்தணர் இருவருக்கு 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர 1 பங்கு. அந்த மண்டபத்தில் பாரதம் படிக்க 1 பங்கு. மீதி 20 பங்கு நான்கு வேதம் கற்ற அந்தணர் இருபதுபேருக்கு. ஊருக்கு ஒரு ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயால் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். நீர் வராத நிலத்தில் பங்கு வைத்து என்ன பயன் என்பது அந்த அரசனுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் என்று வைத்த அந்த ஐந்து பங்கிலும் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வேலை உட்கார்ந்திருக்கிறது. பூசை செய், பழுது பார், தண்ணீர் கொண்டு வா, நெருப்பை அணையாமல் வை, பாரதம் படி. பங்கு என்பது அங்கே பெறுவது மட்டும் அல்ல, ஏற்பதும்கூட. வழிப்போக்கனுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் குளிருக்குக் கொஞ்சம் நெருப்பும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தால் 'தர்மவான்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடவில்லை. ஊரின் விளைச்சலில் இருபத்தைந்தில் ஒன்றை அதற்கென்று வெட்டி வைத்தார்கள்.

இரண்டாவது விஷயம் அவ்வளவு இனிப்பானதல்ல. மூன்றும் ஒன்றும் ஒன்றும் இருபதும் இருபத்தைந்து. கூட்டல் சரியாக முடிந்துவிட்டது. உழுதவனுக்கு என்று ஒரு பங்கு அதில் இல்லை. பங்குதாரனின் மேல்வாரம் போக மிஞ்சும் குடிவாரம்தான் உழுகுடியின் வாழ்வு என்ற வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நின்றது. தஞ்சையில் வாரதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது சேர வேண்டும் என்று சட்டம் வருவதற்கு 1952 ஆக வேண்டியிருந்தது. கொழு பிடித்தவனுக்கும் பங்கு வேண்டும் என்ற எளிய நியாயம் ஏட்டில் ஏற ஏறக்குறைய 1,300 ஆண்டு பிடித்தது.

இனி ஆங்கிலேயனின் ஷேருக்கு வருவோம். அது நம் கரைக்கு வந்தது அகராதியில் அல்ல, கப்பலில். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணியின் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, பலர் பணம் போட்டுக் கூட்டிய கம்பெனி. 1639-ல் சென்னையில் அது காலூன்றியதற்கு முக்கியமான காரணம் சோழமண்டலக் கரையின் துணி. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, துணியை வாங்கி, லண்டனில் ஏலம் விட்டு, வந்த லாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டார்கள். லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு தறியின் பலகையில்கூட உட்கார்ந்து அறியாதவர்கள். தறியில் உட்கார்ந்தவனுக்கோ அப்படி ஒரு பங்கு இருப்பதே தெரியாது.

கூரத்து ஏட்டில் பங்கின் தலையில் உட்கார்ந்திருந்த வேலை இங்கே இறங்கிவிட்டதைப் பாருங்கள். பின்னால் 1855-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி மூழ்கினால் பங்குதாரன் தான் போட்ட பணத்தை மட்டும் இழந்தால் போதும் என்றது அது. வியாபாரம் வளர அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ரயிலும் ஆலையும் மின்சாரமும் அப்படித் திரண்ட பணத்தால் வளர்ந்தவை. ஆனால் பங்கு என்ற சொல்லுக்குள் இருந்த கடமை என்ற பருப்பு போய், உரிமை என்ற உமி மட்டும் சந்தைக்கு வந்துவிட்டது.

இழந்த பருப்பைத் தேடிப் போனவர்களும் நெசவாளர்களே என்பது சரித்திரத்தின் வேடிக்கை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஆலை ஊரில் 1844-ல் சுமார் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடை வைத்தார்கள். நெசவாளர்கள் பலர், மற்றவர்களும் கைத்தொழிலாளிகள். கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் நியாய விலைக்கு விற்பது அவர்கள் நோக்கம். எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பணத்துக்கு ஓட்டு என்பது போய் மனிதனுக்கு ஓட்டு என்றார்கள். உலகம் முழுவதும் பரவிய கூட்டுறவுக்கு அந்தக் கடையைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள்.

அந்த நெறி இந்தியாவுக்குச் சட்டமாக வந்தது 1904-ல். அந்தச் சட்டத்தின்படி நாட்டிலேயே முதலில் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எது தெரியுமா? பம்பாயில் அல்ல, கல்கத்தாவில் அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் நம் காஞ்சிபுரத்தில் பதிவான சங்கம். வட்டிக்கடைக்காரனிடம் வாசலில் நின்றவர்கள், சிறு தொகை கட்டிப் பங்குதாரர் ஆகி, தங்கள் பணத்தைத் தாங்களே கடன் கேட்கும் நிலைக்கு வழி பிறந்தது. பிற்காலத்தில் காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த ஊரில் வந்தன. சேலை நெய்கிறவனே சேலை விற்கும் கடையிலும் பங்காளி ஆகலாம் என்ற எண்ணத்தின் வடிவங்கள் அவை. எல்லாம் எண்ணியபடியே நடந்தன என்று நான் சொல்லவில்லை. கூட்டுறவிலும் அரசியல் உண்டு, நஷ்டம் உண்டு, விற்காத சேலை உண்டு. ஆனாலும் நெய்தவன் பெயர் பங்கேட்டில் ஏறியது சிறிய காரியமல்ல.

இன்னொரு பங்கேட்டையும் தமிழன் மறக்கலாகாது. 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. மூலதனம் 10 லட்சம். அந்தப் பங்கை வாங்கியவர்கள் வட்டிக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் வெள்ளையன் கப்பலிலேயே பணத்தைப் போட்டிருக்கலாம். 1908-ல் அவர் சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குப் பத்திரம் வெறும் காகிதம் ஆயிற்று. ஆனால் நாட்டின் விடுதலையில் பங்கு கொள்வது என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு 25 ரூபாய் விலை கொடுத்து அர்த்தம் வாங்கியவர்கள் அவர்கள்.

மறுபடியும் காஞ்சிக்கு வருவோம். இந்த முறை கடைக்கு அல்ல, தறிக்கு. கோர்வைச் சேலை நெய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாவில் ஊடை ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது. தறிக்காரர் நடுவில் உட்கார, பக்கத்தில் இன்னொரு கை கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை மனைவியின் கை, அல்லது பிள்ளையின் கை. பட்டு இழைப்பது, தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. சேலையைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர் உடல் எது, கரை எது என்று சொல்லலாம். எந்த இழை யாருடைய உழைப்பு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ஆனால் கூலி ஒருவர் பெயரில்தான் வரும். சங்கத்துப் பங்கேட்டிலும் வெகு காலம் பெரும்பாலும் ஆண் பெயர்தான்.

பங்காளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பன் மகன் பங்காளி. சித்தப்பன் மகன் பங்காளி. இப்போது இளவட்டங்கள் பழகிய நண்பனையும் 'பங்காளி' என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் கூடப் பிறந்த அக்காளை யாராவது பங்காளி என்று சொல்லக் கேட்டதுண்டா? அவள் சீர் வாங்கிப் போகிறவள்; பங்கு கேட்கிறவள் அல்ல. சொத்தில் அவள் பெயர் இல்லை என்பதைச் சட்டத்துக்கு முன்பே சொல் தீர்மானித்துவிட்டது! 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் தானே தேடிய சொத்தில் மகளுக்கும் சமபங்கு வைத்தது. பிதுரார்ஜிதத்தில் அவளைப் பிறவிப் பங்காளியாக ஏற்கவில்லை. அந்தக் குறையைத் தமிழ்நாடு 1989-ல் தீர்க்க முனைந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் தீர்ந்தது. 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்தானா என்று பார்க்க வேண்டியதில்லை, மகள் பிறப்பாலேயே பங்குதாரர் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டம் மாறிவிட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்காள் தங்கைகள் வரிசையாக உட்கார்ந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் காட்சி மட்டும் இன்னும் மாறிய பாடில்லை. 'அண்ணன் மனசு கோணக் கூடாது' என்பதுதான் அங்கே சட்டத்தைவிடப் பெரிய சட்டம்.

இப்போது கூரத்து மண்டபத்தின் அந்த ஒரு பங்கை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். பாரதம் படிக்க ஒரு பங்கு. பாரதம் எதைப் பற்றிய கதை? பங்கைப் பற்றிய கதை. பாதி ராச்சியம் கேட்டுக் கிடைக்காமல், ஐந்து ஊர் கேட்டு, அதுவும் கிடைக்காமல், ஊசி முனை அளவு மண்ணும் தரமாட்டேன் என்று பங்காளி சொன்னதால் ஒரு குலமே அழிந்த கதை. ஒரு கிராமத்தை 25 பங்காக வகுத்தவர்கள், பங்கு மறுத்தால் என்ன ஆகும் என்பதை ஊருக்குப் படித்துக் காட்டுவதற்கென்றே அதில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள்! அப்படி நினைத்துத்தான் செய்தார்களா, புண்ணியம் என்று செய்தார்களா என்று கேட்டால், ஏடு காரணம் சொல்லவில்லை. ஆனால் பங்குக்காரர்கள் இருபதுபேர் அக்கம் பக்கமாக வாழ வேண்டிய ஊரில், இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்குமா?

அந்தக் கதைக்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தன்னையே தோற்றுவிட்டவன் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை என்று சபை நடுவில் திரௌபதி கேட்டாள். பீஷ்மருக்கே பதில் வரவில்லை. மண்ணுக்குப் பங்கு கேட்டவர்கள் நடுவில், தான் யாருடைய பங்கும் அல்ல என்று சொல்ல ஒரு பெண் எழுந்த இடம் அது. தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பகலில் பாரதம் சொல்லி, இரவில் கூத்தாடி, கடைசியில் மண்ணில் துரியோதனன் உருவத்தைப் பரப்பிப் படுகளம் நடத்துகிறார்கள். காஞ்சிபுரத்துச் சுற்று வட்டாரத்தில் கோடை வந்தால் அதைப் பார்க்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்களில் பெண்களே அதிகம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

கூரத்தாழ்வானைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அவர் பெருஞ்செல்வர். வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டவர். ஒருநாள் எல்லாவற்றையும் துறந்து மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார். வழியில் அந்த அம்மாள் ஒரு பொன் வட்டிலைக் கையோடு கொண்டு வந்தது தெரிந்ததும் அதையும் வாங்கித் தூர எறிந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. பங்கு முழுவதையும் விட்டுவிட்ட மனிதர். ஆனால் அவர் பெருமை அதனால் மட்டும் அல்ல. நாலூரான் என்பவன் தூண்டுதலால் அவர் கண்ணிழந்தார். பின்னால் காஞ்சி வரதராசர் சந்நிதியில் வரம் கேட்க நேர்ந்தபோது அவர் கண்ணைக் கேட்கவில்லை. தமக்குக் கிடைக்கும் பேறு அந்த நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்.

பஸ் நிலையத்துக் கல்லூரிப் பெண் சொன்னாளே, கொடுத்தாலும் குறையாத ஷேர், அதன் உச்சி இதுதான். நிலமும் பணமும் பகுத்தால் குறையும். அதனால்தான் அவற்றை அளந்து, செம்பில் எழுதி, சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது. அறிவும் கதையும் அருளும் பகுத்தால் குறைவதில்லை. அதனால் அவற்றுக்கு ஏடு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. குறையாத அந்தப் பங்கை ஊருக்குக் கொடுக்கும் மனிதன் பசியோடு படிக்க முடியாது என்று கூரத்தார் அறிந்திருந்தார்கள். அவனுக்கும் விளைகிற நிலத்தில் ஒரு பங்கை அளந்து வைத்தார்கள்.

ஊர்ப் பொது நூலகத்துக்கு வரவு செலவில் எவ்வளவு ஒதுக்கினோம், கோர்வைத் தறியின் பக்கத்தில் நாடா தள்ளும் கைக்கு எவ்வளவு எழுதினோம் என்று கணக்குப் பார்க்கிற நாளில், அந்தச் செப்பேட்டுக் கூட்டலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. விட்டுப்போன உழவனையும் சேர்த்துக்கொண்டு.